‘பட்டா மாற்ற என்ன செய்யணும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்: நில விஷயத்துக்கு இணையத்தில் யோசனை கேட்கும் முறை

அப்பா 2021-இல் இறந்தார். ஊரில் அவர் பெயரில் 31 சென்ட் புஞ்சை இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில். பட்டாவை நம் பெயருக்கு மாற்று என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு வருடம் தள்ளிப் போட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலம், பத்திரம் பற்றிப் பேசும் பெரிய முகநூல் குழு ஒன்றில் இப்படிக் கேட்டேன்:

“நண்பர்களே வணக்கம். அப்பா பெயரில் உள்ள பட்டாவை மாற்ற என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லவும். அவசரம்.”

சாயங்காலத்துக்குள் நாற்பதுக்கு மேல் பதில்கள். இ-சேவை மையத்துக்குப் போ, 60 ரூபாயில் முடியும் என்றார் ஒருவர். முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதி என்றார் இன்னொருவர். பத்திரம் பதிந்தாலே பட்டா தானாக மாறிவிடும், இப்போதெல்லாம் யார் அலைகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்காமல் ஒன்றும் நடக்காது என்று ஒருவர் பயமுறுத்தினார். ஏழெட்டுப் பேர் “ஃபாலோயிங்” என்று போட்டுவிட்டு நகர்ந்தார்கள். இரண்டு பேர் உள்பெட்டிக்கு வந்து “சார், நாங்களே முடிச்சுத் தர்றோம்” என்றார்கள். அதில் ஒருவர் கேட்ட தொகை 18,000 ரூபாய்.

இந்தப் பதில்களில் பெரும்பாலானவை பொய் இல்லை என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. பத்திரம் பதிந்தால் பட்டா தானாக மாறும் என்றவர் முழு சர்வே எண்ணைக் கிரயம் வாங்கியவர். உட்பிரிவு, அதாவது நிலத்தைத் துண்டாக்கிப் புது எண் கொடுப்பது, தேவைப்படாத கிரயத்துக்கு அப்படி ஒரு வசதி உண்டு. வாரிசாக வரும் நிலத்தில் பதிய பத்திரமே இல்லை, எனவே அது எனக்குப் பொருந்தாது. கோர்ட்டைச் சொன்னவர் தன் அப்பாவின் வங்கி டெபாசிட்டுக்காக அலைந்தவர். நீதிமன்றம் தரும் அந்தச் சான்று கடன், கம்பெனிப் பங்கு, டெபாசிட் போன்றவற்றுக்கானது, நிலத்துக்கு அல்ல. பாகப்பிரிவினை சொன்னவர் வீட்டில் அண்ணன் தம்பிகள் நிலத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதையால் நிரப்பிக்கொண்டார்கள். தப்பு என் கேள்வியில்தான் இருந்தது.

அதனால் இதை எழுதுகிறேன். உதாரணம் முழுக்க வாரிசுப் பட்டா மாற்றம், அதுவும் தமிழ்நாட்டில். எனக்குத் தெரிந்தது அதுதான்.

1. கேட்பதற்கு முன் பீரோவைத் திறங்கள்

முதல் வேலை போனில் இல்லை, பீரோவில் இருக்கிறது. கீழ்க்கண்டவற்றை எடுத்துக் கட்டில் மேல் பரப்புங்கள்: இறப்புச் சான்று, அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், இருந்தால் மூலப்பத்திரம் (அதற்கும் முந்தைய பத்திரம்), பட்டா, தீர்வை ரசீது. பட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் அரசின் நில ஆவணத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கமும், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலும், பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. சான்றிட்ட பிரதி வேண்டும் என்றால்தான் கட்டணம். கேள்வி கேட்கும் கட்டத்தில் அது தேவையில்லை.

இந்த வேலைக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இதைச் செய்யாமல் கேட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் “பார்த்துச் சொல்றேன்” என்று எழுதுவீர்கள். பதில் சொல்ல வந்தவர் அதற்குள் போய்விடுவார்.

பரப்பிய பிறகு இரண்டு இடத்தில் குழம்புவீர்கள். நானும் குழம்பினேன்.

ஒன்று, அளவு. பத்திரத்தில் 31 சென்ட். பட்டாவில் 0.12.50 என்று இருந்தது. நிலம் குறைந்துவிட்டது என்று பதறி அதையும் ஒரு தனிப் பதிவாகப் போட்டேன். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பன்னிரண்டரை ஏரைப் பெருக்கிப் பாருங்கள், 31 சென்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கால்குலேட்டரில் முடிய வேண்டியதற்கு நாற்பது பேரைத் தொந்தரவு செய்தேன்.

இரண்டு, சர்வே எண். அப்பா 1978-இல் வாங்கிய பத்திரத்தில் ஓர் எண், பட்டாவில் வேறோர் எண். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள். ஊரில் இன்றும் அதை யுடிஆர் என்றுதான் சொல்வார்கள். அதற்கு முந்தைய பத்திரம் என்றால் எண் மாறியிருப்பது சகஜம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: புது எண்ணைப் போட்டு வில்லங்கம் தேடினால் 1978 பத்திரம் வரவே வராது. பழைய எண்ணைப் போட்டும் ஒரு முறை தேடுங்கள். “வில்லங்கத்தில் எங்கள் பத்திரமே இல்லை, போலிப் பத்திரமா?” என்று வாரத்துக்கு ஒருவராவது பதறிக் கேட்பதைப் பார்க்கிறேன். பலருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது.

2. உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

“பட்டா மாற்றம்” என்பது ஒரே வேலை இல்லை. வாரிசுகள் எல்லோர் பெயரையும் சேர்த்து ஒரே பட்டாவாக எழுதுவது கூட்டுப் பட்டா. அதற்கு நிலத்தை அளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு துண்டு, தனித்தனிப் பட்டா என்றால் உட்பிரிவு. நில அளவர் வர வேண்டும், புது எண் விழ வேண்டும், உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள், உள்ளதற்கு 30 நாள் என்பது அலுவலகக் கணக்கு. நிலம் ஒருவருக்கே போக வேண்டும் என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அது பதிவுத்துறை வேலை, செலவு வேறு.

அதனால் கேள்வியில் “எங்களுக்கு வேண்டியது இது” என்று ஒரு வரி இருக்கட்டும். விற்கப் போகிறீர்களா, வங்கிக் கடனுக்கா, சும்மா பெயர் மாறினால் போதுமா என்பதையும் சொல்லுங்கள். விற்கத்தான் என்றால் அனுபவசாலி ஒருவர் வேறு குறுக்கு வழியைக் காட்டக்கூடும். எல்லா வாரிசுகளும் சேர்ந்து நேரே கிரயம் கொடுத்துவிட்டால் இடையில் உங்களுக்கு எதற்கு உட்பிரிவு என்று கேட்பார்.

வீட்டில் பேசி முடிவெடுக்காமல் இணையத்தில் கேட்காதீர்கள். நான் “தனிப் பட்டா எப்படி?” என்று கேட்டிருந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். அவளைக் கேட்காமலே பிரிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து ஒரு வாரம் போன் எடுக்கவில்லை.

3. பதிலையே மாற்றிவிடும் விவரங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. கீழே உள்ளவற்றில் எதை விட்டாலும் தப்பான பதில் வரும்.

எந்த மாநிலம்: தமிழில் கேட்டால் தமிழ்நாடு என்று புரிந்துகொள்வார்கள் என நினைக்கிறோம். பெங்களூருத் தமிழர் ஒருவர் எனக்குக் ‘கட்டா’ (அங்குள்ள சொத்துப் பதிவு) மாற்றும் முறையை அக்கறையாக இரண்டு பக்கம் எழுதினார். பாலக்காட்டுக்காரர் ஒருவர் ‘போக்குவரவு’ என்றார், கேரளத்தில் நிலப் பெயர் மாற்றத்துக்கு அதுதான் பெயர். நல்ல மனிதர்கள்தான், வேறு மாநிலம்.

கிராமமா, நகரமா: நகர நில அளவைக்கு உட்பட்ட இடம் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வேறு பதிவேடு. ஊர் நத்தம் (ஊர்க் குடியிருப்பு மனை) என்றால் அதற்குத் தனிப் பதிவேடு. உங்கள் பட்டாவின் தலைப்பிலேயே அது தெரியும். தெரியவில்லை என்றால் பட்டாவில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

முழு எண்ணா, பகுதியா: 142/3 மாதிரியான ஓர் எண் முழுக்க அப்பாவுடையதா, அல்லது அதே எண்ணில் பெரியப்பா பெயரும் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் உங்கள் கேள்வி வேறு கேள்வி.

சொத்து எப்படி வந்தது: அப்பா சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழி வந்த பூர்வீகமா? கிரயப் பத்திரம் அப்பா பெயரில் இருந்தால் அந்த ஆண்டையும் சொல்லுங்கள். பூர்வீகம் என்றால் மகள்களின் பங்கைப் பற்றி 1989-இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 2005-இல் மத்தியில் வந்த திருத்தம் இரண்டும் உள்ளே வரும். அங்கே இறந்த ஆண்டு, மணமான ஆண்டு எல்லாமே கணக்கு. அந்த நிலை என்றால் இணையத்தில் கேட்பதை ஒரு வக்கீலிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சட்டம்: இதை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். இந்துக் குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கே வேறு. மதத்தைச் சொல்லாமல் “யாருக்கு எவ்வளவு பங்கு?” என்று கேட்டால் பதில் சொல்பவர் தன் வீட்டுச் சட்டத்தைச் சொல்வார்.

உயில் இருக்கிறதா: இல்லை என்றால் “இல்லை” என்றே எழுதுங்கள். சும்மா விட்டால் பத்துப் பேர் “உயில் இருக்கா?” என்று கேட்டே பதிவு ஓடிவிடும்.

யார் யார் இருக்கிறார்கள்: நான் கவிழ்ந்த இடம் இது. அம்மா, நான், தங்கை என்று மூன்று பேரைப் போட்டு, வருவாய்த் துறை தரும் வாரிசுச் சான்றுக்கு (கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்று வேறு) விண்ணப்பித்தேன். நாங்கள்தானே குடும்பம்! ஐந்து வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள், தாய், தந்தை என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் “இருக்கிறார்” அல்லது “இந்த ஆண்டு இறந்தார்” என்று எழுதுங்கள். முன்பே இறந்துபோன அண்ணன், அக்கா இருந்தால் அவர்களுடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளையும் சேருங்கள். 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அதையும். தத்துப் பிள்ளை, இரண்டாவது கல்யாணம் எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம், பெயர் போடாமல் எழுதினால் போதும்.

பெயர் வித்தியாசம்: பத்திரத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, இறப்புச் சான்றில் இனிஷியல் இல்லை. இந்தச் சில்லறை விஷயத்தால் நின்ற மனுக்கள் ஏராளம். எங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

4. எதை மறைப்பது

விவரமாகக் கேளுங்கள் என்று சொன்னேன். அதற்காகப் பத்திரத்தின் பதினாறு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் சேர்ந்து கிடைத்தால் நிலம் யாருடையது, எவ்வளவு என்று எவரும் எடுத்துவிடலாம். சார்பதிவாளர் அலுவலகமும் பத்திர எண்ணும் ஆண்டும் சேர்ந்தாலும் அதே கதைதான். உரிமையாளர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூரில், பட்டா இன்னும் மாறவில்லை: நில மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா?

மாவட்டம், கிராமமா நகரமா, நில வகை, பரப்பு, ஆண்டுகள் போதும். ஆதார் படம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். போன் நம்பர் பதிவிலும் வேண்டாம், பதில்களிலும் வேண்டாம். பட்டாவின் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் பெயர், பட்டா எண், சர்வே எண், கீழே இருக்கும் கியூஆர் குறியீடு நான்கையும் கறுப்புப் பட்டையால் மூடுங்கள். கியூஆர் குறியீட்டைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

5. கேள்வியை எழுதுவது

இரண்டாவது முறை நான் போட்ட பதிவு இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

“தமிழ்நாடு, கொங்குப் பக்கம், கிராம நிலம். புஞ்சை 31 சென்ட், தனி உட்பிரிவு எண், பட்டா அப்பா பெயரில் மட்டும். 1978-இல் அப்பா கிரயம் வாங்கியது. பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புதிய எண். அப்பா 2021-இல் இறந்தார். உயில் இல்லை. இந்துக் குடும்பம். அம்மா, நான், மணமான தங்கை. எங்களுக்குள் தகராறு இல்லை. நிலத்தைப் பிரிக்காமல் கூட்டுப் பட்டா வேண்டும். கையில் இருப்பவை: இறப்புச் சான்று, அசல் பத்திரம், 1975 முதல் பார்த்த வில்லங்கம், பட்டா. மூன்று பேரைக் காட்டி வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். ‘வாரிசுகள் விவரம் முழுமையாக இல்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. என் கேள்வி: யாரை விட்டிருக்கிறேன்?”

இரண்டே மணி நேரத்தில், வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், ஒருவர் ஒரே வரி எழுதினார்: “உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா?”

இருக்கிறார். 84 வயது. அப்பாவின் தங்கை வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டு. மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போலவே அவருக்கும் சமமான ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முதல் பதிவில் பதில் சொன்ன நாற்பது பேருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு நான் எதையுமே எழுதவில்லை. இரண்டாவது பதிவிலும் பாட்டியை நான் எழுதவில்லைதான். ஆனால் மற்றதெல்லாம் கட்டம் கட்டமாக இருந்ததால் எந்தக் கட்டம் காலி என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

வரிசை இப்படி இருந்தால் படிப்பவருக்கு வசதி: இடம், நிலம், எப்படி வந்தது, யார் இருக்கிறார்கள், என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, இதுவரை என்ன செய்தீர்கள், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. கேள்விக்குறியோடு. “ஆலோசனை தேவை” என்பது கேள்வி இல்லை.

“அவசரம்” என்று எழுதாதீர்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் “வரும் 14-ஆம் தேதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அன்று எந்த அசல்களைக் கொண்டுபோக வேண்டும்?” என்று தேதியோடு எழுதுங்கள். ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர் அலுவலகத்திலோ பஸ்ஸிலோ இருப்பார், காதில் வைத்துக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

6. எங்கே, எப்போது

ஒரே கேள்வியை ஆறு குழுவில் ஒரே நேரத்தில் ஒட்டாதீர்கள். ஆறு இடத்திலும் துணைக் கேள்வி வரும், ஒரு இடத்தில்தான் பதில் சொல்வீர்கள். ஒரு குழுவில் போட்டு மூன்று நாள் பாருங்கள். போடுவதற்கு முன் அந்தக் குழுவின் தேடல் பெட்டியில் ‘வாரிசு கூட்டுப் பட்டா’ என்று தட்டிப் பாருங்கள். பாதிப் பேர் கேள்வியே கேட்க வேண்டியிருக்காது. பழைய பதிவைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். மனு போடும் வழி, தளம், கட்டணம் எல்லாம் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறுகின்றன. தாசில்தார் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்த காலத்துப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு நாள் லீவு போட்டுப் போய்த் திரும்பினார். இப்போது இ-சேவை மையத்திலோ, ‘தமிழ் நிலம்’ தளத்தில் நாமேயோ போடலாம்.

வார நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போட்டதற்குத்தான் எனக்கு நல்ல பதில்கள் வந்தன. போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது போனோடு இருங்கள். துணைக் கேள்வி கேட்பவர்தான் உங்களுக்கு உதவப் போகிறவர். அவரைக் காக்க வைக்காதீர்கள்.

7. பதில்களைச் சலிப்பது

ஒவ்வொரு பதிலுக்கும் நான் திருப்பிக் கேட்ட மூன்று கேள்விகள்: நீங்களே செய்தீர்களா, கேள்விப்பட்டதா? எந்த ஆண்டு? எந்த மாவட்டம்? கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரில் செய்தவர் உடனே “போன ஆடியில் முடிச்சேன், ஈரோடு பக்கம்” என்று சொல்வார். கேள்விப்பட்டவர் “எல்லா இடத்திலும் இப்படித்தான்” என்பார்.

இரண்டு பதில் முரண்பட்டால் யார் சொன்னது சரி என்று ஓட்டெடுக்காதீர்கள். எந்த விவரத்தால் பதில் மாறுகிறது என்று அவர்களையே கேளுங்கள். கூட்டுப் பட்டாவுக்குத் தங்கையின் கையெழுத்து வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பேர் மோதியபோது அப்படிக் கேட்டேன். ஒருவர் பேசியது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பற்றி, மற்றவர் பேசியது எல்லோர் பெயரையும் சேர்ப்பதைப் பற்றி. சண்டை அங்கேயே தீர்ந்தது.

உள்பெட்டிக்கு வருபவரிடம் ஒரே பதில்தான்: “அங்கேயே பதிவின் கீழ் சொல்லுங்களேன், எல்லோருக்கும் பயன்படும்.” தரகர் அப்புறம் வரமாட்டார். ‘உள்ளே ஆள் இருக்கு’ என்பவரிடம் விண்ணப்ப எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள்.

லைக் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பாட்டியைக் கேட்ட அந்த ஒரு வரிக்கு மூன்று லைக். “லஞ்சம் இல்லாம இந்த நாட்டுல எதுவும் நடக்காது ப்ரோ” என்பதற்கு எழுபது.

8. மனு நிராகரிக்கப்பட்டால்

“ரிஜெக்ட் ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்?” என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு என் முதல் பதிவு ஞாபகம் வரும். விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்தால் காரணம் என்று ஒரு வரி இருக்கும். அதை உங்கள் வார்த்தையில் சொல்லாமல் எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும் முக்கியம்: கிராம நிர்வாக அலுவலரிடமா, நில அளவரிடமா, வட்டாட்சியர் அலுவலகத்திலா? ஆவணம் குறைவு என்றால் சேர்த்து மறுபடி போடலாம். ‘உரிமை தெளிவாக இல்லை’, ‘ஆட்சேபணை வந்துள்ளது’ என்றால் மறுபடி மறுபடி 60 ரூபாய் கட்டுவதில் பயன் இல்லை. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் என்று வழி வேறு. உத்தரவின் தேதியைச் சொல்லிக் கேளுங்கள், காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

காரணமே புரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அங்கேயும் கேட்கும் விதம்தான். “என் மனுவை ஏன் நிராகரித்தீர்கள்?” என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்று கைகழுவிவிடலாம். “இந்த எண்ணுள்ள மனுவின் மீது கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அளித்த அறிக்கைகளின் நகல்” என்று கேட்டால் இருக்கும் காகிதத்தைத் தந்தாக வேண்டும். மனு சும்மா கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100. அங்கும் விண்ணப்ப எண், தேதி, எத்தனை நாள் ஆயிற்று என்று மூன்றை மட்டும் சொல்லுங்கள். கதை வேண்டாம்.

9. எனக்கு ஆன செலவும் நாளும்

பாட்டியையும் சேர்த்து நான்கு பேரோடு வாரிசுச் சான்றுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். வீணான முதல் மனுவுக்கு 60, இரண்டாவதற்கு 60, பட்டா மாற்றத்துக்கு 60. ஆக 180 ரூபாய். ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. பஸ்ஸுக்கு நான்கு முறை போய் வந்தது மட்டும் 4,000-ஐத் தாண்டியது. முதல் கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்கும்.

முதல் மனு திரும்பி வர ஐந்து வாரம். இரண்டாவது நான்கு வாரத்தில் வந்தது. பட்டா 24 நாளில் மாறியது. பாட்டியை விசாரணைக்கு வரச் சொல்வார்களோ என்று பயந்தேன். கிராம நிர்வாக அலுவலர் அத்தை வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார். பாட்டியை விட்டுவிட்டு எப்படியோ பட்டா வாங்கியிருந்தால், பின்னால் அவர் வழியில் அத்தைகளோ சித்தப்பாவோ ஆட்சேபித்திருக்கலாம். விற்கும் நேரத்தில் வாங்குபவரின் வக்கீல் கண்டுபிடித்து நிறுத்தியும் இருக்கலாம்.

10. முடிந்த பிறகு

வேலை முடிந்ததும் உங்கள் பழைய பதிவுக்குப் போய் எழுதுங்கள்: எந்த மாவட்டம், எந்த மாதம், என்னென்ன ஆவணம் கேட்டார்கள், எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாள். நன்றி என்று கைகூப்பும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பதிவைத்தான் அடுத்த வருடம் ஒருவர் தேடல் பெட்டியில் கண்டுபிடிக்கப் போகிறார்.

புதுப் பட்டாவை எடுத்ததும் நான்கு பெயரிலும் எழுத்துப் பிழை, உறவு முறை, பரப்பு மூன்றையும் அன்றே சரி பாருங்கள். என்னுடையதில் தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயருக்குப் பதில் அப்பா பெயர் வந்திருந்தது. அது தப்பா, அப்படியே விடலாமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மின் இணைப்பு, வீட்டு வரி, சொசைட்டிக் கடன் எல்லாம் வேறு அலுவலகம், வேறு மனு. அவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள், இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.